‘கேஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அக்காவுக்கு வயது 56. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார். ஆறு மாதமாக அவருக்கு வயிறு உப்புசம். உள்பாவாடை நாடாவை வழக்கமான இடத்தில் கட்டினால் இடுப்பில் பதிந்து சிவந்து போகிறது, ஆனால் கையைப் பார்த்தால் வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிற மாதிரி மெலிந்துவிட்டார். இரண்டு இட்லி சாப்பிடுவதற்குள் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், சோம்பு எல்லாம் ஆயிற்று.

டாக்டரிடம் போகாமல் இல்லை, நாலு தடவை போனார். அங்கே டாக்டர் கன்னடத்தில் கேட்பார், அக்காவுக்குக் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் கன்னடம் வரும், அதனால் “கேஸ் சார்” என்பார். தமிழ், கன்னடம், இந்தி எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் அது ஒன்றுதானே. உடனே வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கூடப் போனது அவருடைய மகன். இருபத்தைந்து வயசுப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருகிறது, அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, மாதவிடாய் நின்று ஐந்து வருடமான பிறகு ஒருநாள் இரத்தம் பட்டது என்று எந்த அம்மா சொல்வாள்? இந்த மூன்றும் டாக்டர் காதுக்குப் போகவே இல்லை. என்னிடமே போன மாதம்தான் சொன்னார், அதுவும் துணி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

உங்கள் நாளிதழில் மார்பகப் புற்றுநோய் பற்றியும் கருப்பைவாய்ப் புற்றுநோய் தடுப்பூசி பற்றியும் அடிக்கடி படிக்கிறேன், நல்லதுதான். ஆனால் சினைப்பை, அதாவது கருமுட்டை உருவாகிற உறுப்பு, அதில் வருகிற புற்றுநோய் பற்றி யாரும் எங்களிடம் பேசியதே இல்லை. உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர், இந்த நாலும்தான் அதன் முக்கிய அறிகுறிகள். எல்லாமே நாம் கேஸ் என்றும் வயசு என்றும் ஒதுக்கிவிடுகிற விஷயங்கள். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாக ஆரம்பித்து, விடாமல், மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், அதிலும் 50 வயது தாண்டியவர் என்றால், சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி சொல்கிறது.

அதைப் படித்த அன்றே அக்கா வீட்டில் பால் கணக்கு குறிக்கிற காலண்டரில் உப்புசம் வந்த நாளில் எல்லாம் ‘உ’ என்று எழுதச் சொன்னேன். 30 நாளில் 22 ‘உ’. மகனை வீட்டில் விட்டுவிட்டு, காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு நானே அழைத்துப் போனேன். இந்த முறை மகளிர் நோய் மருத்துவரிடம். இரத்தம் பட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னோம், எங்கள் சித்திக்கு 45 வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்ததையும் சொன்னோம், ஏனென்றால் சில குடும்பங்களில் ஒரே மரபணுக் கோளாறு மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் இரண்டுக்கும் காரணமாகிறது. அப்பா வழியில் வந்திருந்தாலும் கணக்குதான். டாக்டர் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

இரத்தப் பரிசோதனை மட்டும் போதும் என்று யாரும் திருப்தி அடைந்துவிட வேண்டாம். சிஏ 125 அளவு 35க்கு மேல் இருந்தால் அதிகம் என்கிறார்கள், ஆனால் கருப்பை நார்க்கட்டி இருந்தாலும், வயிற்றில் காசநோய் இருந்தாலும் அது ஏறும். ஆரம்ப நிலைப் புற்றுநோயிலோ பாதிப் பேருக்கு ஏறாமலே இருக்கலாம். அதனால்தான் அடிவயிற்று ஸ்கேனும் வேண்டும். சிலருக்குப் பிறப்புறுப்பு வழியாகக் கருவி வைத்துப் பார்ப்பார்கள், அக்கா கூச்சத்தில் கையைப் பிடித்துக்கொண்டார், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அப்புறம் இன்னொன்று, பாப் ஸ்மியர் செய்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் பலர். அது கருப்பைவாய்க்கான சோதனை, சினைப்பையில் இருப்பதை அது காட்டாது.

அதற்காக எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் எல்லாம் லேபுக்கு ஓட வேண்டாம். இங்கிலாந்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. அறிகுறி இல்லாதவர்களுக்குச் சோதித்துப் பார்ப்பதால் சாவு குறையவில்லை. நான் கேட்பது அறிகுறி உள்ளவர்களுக்கு, அவர்கள் கேட்டும் கிடைக்காதவர்களுக்கு.

அக்காவுக்கு இடது சினைப்பையில் கட்டி இருக்கிறது, வயிற்றில் நீரும் கோத்திருக்கிறது. சந்தேகமான கட்டியை ஊசி குத்தி உறிஞ்சிப் பார்க்கக் கூடாது, சாதாரண ஆபரேஷனாக எங்கேயும் செய்துகொள்ளவும் கூடாது, பெண்களுக்கான புற்றுநோய் அறுவை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும் என்று அந்த டாக்டரே சொல்லி அனுப்பினார். அது என்ன கட்டி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைப் பற்றி எழுதுங்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைத் தமிழிலும், தமிழ் எழுத்திலேயே கன்னடத்திலும் போடுங்கள், பெங்களூருப் பதிப்பில் மட்டுமாவது. வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வோம்.

சிடி ஸ்கேன் ரிப்போர்ட் வியாழக்கிழமை வருகிறது. வாங்கிக்கொண்டு நேராக ஓசூர் ரோட்டில் இருக்கிற கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பேசப்போவது நான், அக்கா பக்கத்தில் இருப்பார், காலண்டரும் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு