மின்னூல் கருவிகளும் ஒலிநூல்களும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நூலகப் பாடவேளைக்காக ஆறு மின்னூல் வாசிப்புக் கருவிகளை வாங்கவிருப்பதாகச் சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அறிவித்தபோது, "கைப்பேசியைப் பிடுங்கி வைக்கவே படாதபாடு படுகிறோம், பள்ளியே இன்னொரு திரையைக் கையில் கொடுக்கலாமா?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நேரமின்மையால் சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

இக்கருவியில் இருப்பது இ-இங்க் எனப்படும் மின்மைத் திரை. நுண்ணிய குமிழ்களுக்குள் மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகத் தெரிகின்றன. அச்சுத்தாளைப் போலவே வெளிச்சத்தை எதிரொளிப்பதால் முற்றத்து வெயிலிலும் படிக்கலாம். பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவைப்படும் என்பதால் ஒருமுறை மின்னேற்றினால் பல நாள்களுக்குப் போதும். படிக்க நூல் இருக்குமா என்ற கவலையும் வேண்டியதில்லை; 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூல்களாக வழங்கி வருகிறது.

ஒலிநூலைக் கேட்பது படிப்பாகுமா என்றும் சிலர் ஐயுற்றீர்கள். கற்றவர்களைக் 'கல்வி கேள்விகளில் சிறந்தவர்' என்றுதானே நாம் பாராட்டுகிறோம்! பார்வையற்றோருக்காக 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இசைத்தட்டுகளில் பதிவுசெய்யப்பட்ட பேசும் நூல்கள் இத்துறைக்கு முன்னோடிகள். அச்சு நூல்களைப் படிக்க இயலாதவர்களுக்கென நம் நாட்டிலும் 2016 முதல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகம் இயங்குகிறது. பார்வை குன்றிய மாணவர்களையும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவதாலேயே பாடத்தில் மந்தம் என்று பெயரெடுத்துவிட்ட பிள்ளைகளையும் மனத்தில் வைத்தே இம்முயற்சியைத் தொடங்குகிறேன். குரல் ஒலிக்க ஒலிக்க அந்தந்தச் சொல் திரையில் நிறம் மாறிக் காட்டும் மின்னூல்களை இப்போதே உருவாக்க முடிகிறது. தமிழ்ப் பாடநூல்கள் முழுவதும் அவ்வாறு வெளிவருமானால் இப்பிள்ளைகளுக்கு அது பெருந்துணையாகும்.

கணினிக் குரலும் வேகமாகத் தேர்ச்சி பெற்று வருகிறது. எனினும் தமிழில் ஓர் இடர் உண்டு: இரக்கத்தைக் குறிக்கும் 'பாவம்', நடனத்தில் முகம் காட்டும் 'பாவம்' ஆகிய இரண்டையும் ஒரே மாதிரி எழுதி வேறுவேறாக ஒலிக்கிறோம். இடமறிந்து ஒலிக்கப் பொறி முற்றும் பழகும்வரை மனிதக் குரலையே நம்ப விரும்புகிறேன். ஆகவே ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கதைகளைப் பேசிப் பதிவுசெய்வார்கள். வழிவழியாகக் கேட்ட கதைகள் தெரிந்த தாத்தா, பாட்டிமார் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். பதிவுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலை ஒதுக்கியுள்ளோம்.

கருவிகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படமாட்டா. அச்சு நூல்கள் வாங்கும் தொகையும் குறைக்கப்படாது. இணைப்பிலுள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, இம்மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்