மனநல வார்டுக்கு மாணவிகளை அனுப்பும் ஆசிரியர்களுக்கு

நர்சிங் கல்லூரிகளில் மனநலச் செவிலியம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மனநல வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். உங்கள் மாணவிகள் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, எங்களிடம்தான் வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நீங்கள் கொடுத்தனுப்பும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வந்த அன்றே நோயாளியின் விவரம் இருக்கும் கேஸ் ஷீட்டைத் தேடி ஓடுகிறார்கள். கேஸ் ஸ்டடி, கேர் பிளான், பிராசஸ் ரெக்கார்டிங் எல்லாவற்றையும் முடித்துக் கையெழுத்து வாங்கியாக வேண்டுமே. நோயாளியிடம் பேசியதை அப்படியே எழுதி, நாம் சொன்னது சரிதானா என்று நாமே பார்த்துக்கொள்ளத்தான் பிராசஸ் ரெக்கார்டிங். இப்போது அது சீனியரின் நோட்டைப் பார்த்து ஹாஸ்டலில் எழுதப்படுகிறது. வார்டில் பொங்கல் போட்ட நாளிலும் அந்த ரெக்கார்டில் நோயாளி ‘இட்லி சாப்பிட்டேன்’ என்றுதான் சொல்கிறார்!

செவிலியருக்கும் நோயாளிக்கும் நடுவில் உண்டாகும் உறவுக்கே குணப்படுத்தும் வேலை உண்டு என்று அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் எழுதினார். உங்கள் வகுப்பில் அது ஒரு தேர்வுக் கேள்வி. வார்டில் அது வேறு மாதிரி இருக்கும்.

போலீஸ் தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றார் ஒருவர். “அதெல்லாம் ஒண்ணுமில்லைண்ணா, உங்க பிரமை” என்றாள் ஒரு மாணவி. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் இன்னொருத்தி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். “எனக்கு எதுவும் கேக்கலைண்ணா. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா?” அவர் உடனே பதில் சொல்லவில்லை. அவளும் அவசரப்படவில்லை. அப்புறம் அவராகவே, ராத்திரியில்தான் அதிகம், அதனால்தான் தூங்குவதில்லை என்றார். குரல் இருப்பதாக ஒத்துக்கொள்ளவும் இல்லை, இல்லையென்று வாதாடவும் இல்லை. பயத்தைப் பற்றி மட்டும் கேட்டாள். பாடம் அவ்வளவுதான். எந்த ஃபார்மட்டிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

இப்படி உட்கார்ந்து பேசுகிறவர் கண்ணில்தான் மற்றதும் படும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மருந்து சாப்பிடுகிறவருக்குச் சித்திரை வெயிலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். டீ டம்ளர் பிடிக்கும் கை நேற்றைவிட அதிகம் நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, வயிற்றுப்போக்கு என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நேற்று கை எப்படி இருந்தது என்று தெரிந்தவர்தானே அதைச் சொல்ல முடியும்?

கட்டிவைக்கும் விஷயமும் இதில்தான் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த நோயாளிகள் தீயில் மாண்டதை நம் மாநிலம் மறக்க முடியாது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியை முற்றிலும் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் நோயாளியைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது அதன் 97-ஆம் பிரிவு. தண்டனையாகக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கூடாது. பிரிவு எண் உங்கள் மாணவிகளுக்கு மனப்பாடம். ஆனால் ஒருவர் கொதித்து எழும்போது குரலைத் தணித்து, கை எட்டாத தூரத்தில், கதவை மறிக்காமல் நிற்க அவர்களுக்குப் பழக்கம் இல்லை. இதை வகுப்பிலேயே நடித்துப் பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்று. போஸ்டிங் முடிந்ததும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் “அந்த சிஸ்டர் வரலையா?” என்று நோயாளிகள் எங்களிடம் கேட்கிறார்கள். ஏற்கெனவே வீட்டார் கைவிட்டவர்கள் அவர்களில் உண்டு. உறவை முடிப்பதும் பெப்லாவின் பாடத்தில் ஒரு கட்டம்தானே. என்றைக்குக் கிளம்புவோம் என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும், கடைசி நாளில் விடைபெற்றுப் போக வேண்டும்.

ஆகவே, ரெக்கார்டுகளைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு மாணவிக்கு ஒரு நோயாளி, போஸ்டிங் முடியும்வரை அவரே. கையால் கிறுக்கிய நாலு வரி உரையாடல் போதும், அன்றைக்குப் பேசியதாக இருந்தால் சரி. அடுத்த பேட்ச் வரும்போது கையெழுத்துப் போட மட்டும் வராமல் ஒரு காலை முழுக்க எங்களோடு இருங்கள். முன்கூட்டியே சொன்னால், நீங்களும் மாணவிகளும் உட்கார்ந்து பேச நோயாளிகளுக்குக் கைவேலை பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி அறையைக் காலி செய்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
மனநல வார்டு செவிலியர் ஒருவர்