அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய தலைமை நிர்வாகிகளுக்கும் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டு மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விதியை வகுத்தவர்கள் நீங்கள். சிலர் மேலே, பலர் நடுவே, சிலர் கீழே என்று ஊழியர்களை முன்கூட்டியே பிரிக்கும் மணி வடிவ வளைவை வைத்து, பெல் கர்வ் என்ற பெயரில் அட்டவணை தயாரித்து அனுப்புகிறவர்களும் நீங்கள். நான் அதை நிரப்பித் தருகிற இடத்தில் இருப்பவன். ஏழு பேர் கொண்ட ஒரு குழுவின் தலைவன். இந்த ஆண்டு அட்டவணை என் கைக்கு வந்தபோது, குழுவினரின் வேலையைப் பற்றி நான் ஒரு சொல்கூட எழுதுவதற்கு முன்பே கடைசிக் கட்டத்தில் ஓர் எண் ஏறியிருந்தது: 'எதிர்பார்ப்புக்குக் கீழே – 1'.

ஏழு பேரும் ஒப்புக்கொண்ட வேலையை முடித்திருந்தார்கள். அதை எழுத்திலேயே தெரிவித்தேன். "எல்லோரும் நன்றாகச் செய்திருக்கலாம், ஆனால் ஒப்பிட்டால் யாராவது ஒருவர் கடைசியில்தான் வருவார்" என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் தராவிட்டால் அவர்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள் என்றார்கள்.

பெயர் கொடுத்தேன்.

நான் கொடுத்தது யாருடைய பெயர் என்று சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் இரவில், தான் எழுதிய நிரலில் ஒரு பிழை இருப்பதைத் தானே கண்டுபிடித்து, வேறு எவரும் கவனிப்பதற்குள் என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னவர் அவர். விடிவதற்குள் சரிசெய்துவிட்டோம். யாருக்கும் நட்டமில்லை. ஆனால் முறைப்படி அது பதிவேட்டில் ஏறியது. மதிப்பீட்டுப் படிவம் 'ஆதாரம்' கேட்டபோது, ஏழு பேரில் எழுத்தில் குறை என்று காட்டக்கூடியது அவர் பெயரில் மட்டுமே இருந்தது. அதுவும் அவரே முன்வந்து சொன்னதால் இருந்தது. 'வேலையில் கூடுதல் கவனம் தேவை' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை நீங்கள் எழுதவில்லை, நான்தான் எழுதினேன். அதனால்தான் இந்த மடலையும் நானே எழுதுகிறேன்.

அறைக்குள் எதிரே உட்கார்ந்து அவர் அதைப் படித்தார். வாதாடவில்லை. "அன்றைக்கு நான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைக் கீழே தள்ளியாக வேண்டும் என்ற விதியை ஊழியர்களிடம் வெளியிடக்கூடாது என்பது உங்கள் உத்தரவு. ஆகவே அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு முன்னேறிவிடலாம் என்று ஏதோ சொன்னேன். எதில் முன்னேறுவது என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அது நடந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. இந்த இரண்டு மாதங்களில் என் குழுவில் ஒருவர்கூடத் தன் பிழையைத் தானாக முன்வந்து சொல்லவில்லை. பிழையே நடக்கவில்லை என்று நான் நம்பவில்லை.

இதன் பொருள் உங்களுக்குத் தெரியாததல்ல. மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வை உங்கள் தலைமைப் பயிற்சி வகுப்புகளிலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தே அவர் தொடங்கினார். கிடைத்த எண்கள் நேர்மாறாக இருந்தன. நல்ல குழுக்களில் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகள் பெருகவில்லை, பயமின்றி வெளியே சொல்லப்பட்டன என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். பின்னர் 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்தபோது, அச்சமின்றிப் பேச முடிகிற குழுக்களே கற்றுக்கொள்கின்றன என்றும் காட்டினார். பயிற்சி வகுப்பில் இதைக் கற்பித்துவிட்டு, பிழையைச் சொன்னவரை மதிப்பீட்டில் கீழே இறக்கினால் ஊழியர்கள் எதை நம்புவார்கள்? வகுப்பையா, சம்பளக் கடிதத்தையா?

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தில் பத்தில் ஒருவர் உண்மையாகவே பின்தங்கியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களைக் கலைத்து ஏழு ஏழு பேராகப் பிரித்தால், ஏறத்தாழ 48 சதவீதக் குழுக்களில் அப்படிப்பட்டவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். 0.9ஐ ஏழு முறை பெருக்கிப் பாருங்கள். அதாவது உங்கள் அனுமானம் முழுக்கச் சரியாக இருந்தாலும், கிட்டத்தட்டப் பாதிக் குழுக்களில் நல்ல ஊழியர் ஒருவரைப் பொய்யாகக் கீழே இறக்கினால்தான் அட்டவணை நிறையும். இரண்டு மூன்று பேர் பின்தங்கியிருக்கும் குழுக்களிலோ ஒருவர் மட்டுமே கணக்கில் வருவார். அந்த அனுமானமும் உறுதியானதல்ல. ஓபாயில், அகினிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்கள், கலைஞர்கள், அரசியல்வாதிகள், விளையாட்டு வீரர்கள் எனப் பலரும் அதில் இருந்தார்கள். அவர்களின் செயல்திறன் பெரும்பாலும் மணி வடிவ வளைவில் அமையவேயில்லை.

மதிப்பெண்ணில் யாருடைய நிறம் தெரிகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. ஸ்கல்லன், மவுண்ட், காஃப் என்ற ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில் 4,492 மேலாளர்களுக்குக் கிடைத்த மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். மதிப்பெண்களுக்கு இடையிலான வேறுபாட்டில் பாதிக்கும் மேல் மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது. மதிப்பிடப்பட்டவரின் செயல்திறன் விளக்கியது அதைவிட மிகக் குறைவு. என் மதிப்பெண்ணிலும் நானே அதிகம் இருக்கிறேன். அந்த ஒற்றை எண்ணை வைத்து ஒருவருடைய சம்பள உயர்வையும் பதவியையும் சில சமயம் வேலையையுமே தீர்மானிக்கிறீர்கள்.

மேலாளர்கள் கைதளர்த்தி எல்லோருக்கும் உயர்ந்த மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சான்று கேளுங்கள், அருகிலுள்ள குழுத் தலைவர்களோடு உட்கார வைத்துக் கேள்வி கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். சம்பள உயர்வுக்குப் பணம் போதவில்லை என்பது காரணமாக இருந்தால் அதையே சொல்லுங்கள். இந்த ஆண்டு பணம் குறைவு என்று கேட்ட ஊழியர் வருத்தப்படுவார், ஆனால் தன் வேலையைச் சந்தேகிக்கமாட்டார். பணம் இல்லை என்பதைச் சொல்லத் தயங்கி, நீ போதாதவன் என்று சொல்லவைக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

தாங்க முடியாதது இது மட்டுமா? ஆண்டுதோறும் கருத்துக்கணிப்பு நடத்துகிறீர்கள். 'மனம் திறந்து பேச முடிகிறதா?' என்று கேட்கிறீர்கள். முடியவில்லை என்று பதில் வந்தால், மனம் திறந்து பேசுவது எப்படி என்று எங்களுக்கே இன்னொரு பயிற்சி வைக்கிறீர்கள். கூட்டம் கூட்டி நாம் ஒரு குடும்பம் என்கிறீர்கள். தயவுசெய்து அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். ஆண்டுக்கு ஒருவரை வெளியே நிறுத்தியாக வேண்டும் என்று எந்தக் குடும்பமும் எழுதிவைப்பதில்லை.

சினம் முந்திக்கொண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கு வருகிறேன்.

நான் கேட்பது புதுமையானதல்ல. கடைசி 10 சதவீதத்தினரை வெளியேற்றும் வழக்கத்தைப் புகழ்பெறச் செய்தவர் ஜாக் வெல்ச். அவர் நடத்திய ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமே பின்னாளில் அதைக் கைவிட்டது. மென்பொருள் நிறுவனமான அடோபி 2012இல் ஆண்டு மதிப்பீட்டையே நிறுத்தி, ஆண்டு முழுவதும் அவ்வப்போது பேசிக்கொள்ளும் முறைக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் 2013இல் கட்டாயத் தரவரிசையை நீக்கியது. தணிக்கை, ஆலோசனை நிறுவனமான டெலாய்ட் தன் மதிப்பீட்டு முறைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் மணிநேரம் செலவாவதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு அதை மாற்றி அமைத்தது. இவர்களை முன்மாதிரிகள் என்று மற்ற எல்லாவற்றிலும் காட்டுகிற நீங்கள், இதில் மட்டும் ஏன் பழைய அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

எத்தனை பேர் கீழே இருக்க வேண்டும் என்பதை வேலையைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானிக்காதீர்கள். ஒருவர் உண்மையாகவே பின்தங்கியிருந்தால் அவரிடம் அதை நேரில் சொல்லும் பொறுப்பை நான் ஏற்கிறேன். அதற்காக ஆண்டு முடியும்வரை காத்திருக்கவும் மாட்டேன். இல்லாத ஒருவரை உருவாக்கித் தரும்படி மட்டும் இனி என்னைக் கேட்காதீர்கள்.

தானாக முன்வந்து சொன்ன பிழையை மதிப்பீட்டில் ஆதாரமாகப் பயன்படுத்தக்கூடாது என்று விதியிலேயே எழுதுங்கள். என் குழுவில் அவருக்கு இடப்பட்ட மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யுங்கள். 'கூடுதல் கவனம் தேவை' என்று எழுதியது தவறு என்று கையெழுத்திட்டுத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஏன் அப்படி எழுதினேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள்.

அடுத்த அட்டவணை வருவதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழு பேர் கொண்ட ஒரு குழுவின் தலைவன்