விழுந்ததை டாக்டர்கிட்ட சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம். உங்க மருத்துவப் பக்கத்துல சுகர், பிரஷர், ஹார்ட்னு மாத்தி மாத்தி வருது, மூளை, நரம்புல ஆபரேஷன் பண்ற நியூரோ சர்ஜரி பத்தி வந்து நான் பாத்ததே இல்ல, அதான் எழுதுறேன்.

எங்கப்பாவுக்கு 74 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார், நெத்தியில லேசா வீக்கம், தைலம் தேச்சு விட்டுட்டோம். ஒரு மாசம் கழிச்சு பாத்தா, இடது கால் செருப்பு வாசல்லயே கழண்டு கிடக்கும், அது தெரியாம ஒத்தச் செருப்போட தெருமுனை வரைக்கும் போயிட்டிருப்பார். காபி டம்ளர் கைய விட்டு நழுவுது, பகல் முழுக்க தூக்கம். வயசாச்சுல்லன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். கடைசியா சிடி ஸ்கேன் எடுத்தா, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கட்டியிருக்கு. வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குமாம், அதனால மேல இருக்கற சின்ன ரத்தக்குழாய்ங்க இழுபட்டு நிக்கும், லேசா அடிபட்டாலே அறுந்து கொஞ்சம் கொஞ்சமா கசியுமாம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரிஸ்க் இன்னும் ஜாஸ்தி.

மூளையில கத்தி வெச்சா ஆள் திரும்ப மாட்டாங்கன்னு சொந்தக்காரங்க ஒரே அழுகை. ஆனா டாக்டருங்க பண்ணது மண்டையில சின்னதா ரெண்டு ஓட்டை, பர் ஹோல்ங்கறாங்க, அது வழியா இன்ஜின் ஆயில் மாதிரி கறுப்பா இருந்த பழைய ரத்தத்த வடிச்சு விட்டாங்க, அவ்ளோதான். மறுநாள் அப்பா இடது கையாலயே டம்ளர புடிச்சு காபி குடிச்சார்.

நியூராலஜிஸ்ட் மருந்து குடுத்து பாக்கறவர், ஆபரேஷன் பண்றவர் நியூரோ சர்ஜன்னு அப்பதான் எனக்கே புரிஞ்சுது. அவங்க வேலை மூளையோட நிக்கல, முதுகுத்தண்டு, டிஸ்க், நரம்பு எல்லாம் அவங்க பாக்கறதுதான். குழந்தைங்களுக்கு தலையில நீர் சேந்தா டியூப் வெச்சு வயித்துக்கு இறக்கி விடறதும் அவங்கதான். இது நேத்து வந்த வைத்தியமும் இல்ல, வேலூர் சிஎம்சில ஜேக்கப் சாண்டி 1949லயே ஆரம்பிச்சுட்டார், 1950ல சென்னை ஜிஎச்ல பி.ராமமூர்த்தி. இந்தியாவோட முதல் பெண் நியூரோ சர்ஜன் டி.எஸ்.கனகாவும் நம்ம சென்னைதான். இவ்ளோ இருந்தும் நியூரோ சர்ஜரிங்கற பேர கேட்டாலே நமக்கு கை கால் உதறுது.

தயவுசெஞ்சு ஒரு நியூரோ சர்ஜன்கிட்ட பேசி முழுப் பக்கம் போடுங்க. வயசானவங்க எப்ப விழுந்தாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லணும்ங்கறத பெரிய எழுத்துல போடுங்க. ஸ்கேனுக்கு முன்னாடி நாங்க ரெண்டு டாக்டர பாத்தோம், அப்பா பாத்ரூம்ல விழுந்தத ரெண்டு பேர்கிட்டயும் நாங்க சொல்லவே இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்