'கணக்கு நேர்' என்று எழுதிய நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நீங்கள் பணி ஓய்வு பெற்ற நாளில் நான் உங்களுக்கு ஒரு மைப்பேனா கொடுத்தேன். நான்காம் நாள் என் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. அதற்குள் ஏறக்குறைய அதே விலை மதிப்புள்ள இன்னொரு பேனாவும், அதன் மூடியில் சுற்றிய துண்டுச் சீட்டில் 'கணக்கு நேர்' என்ற இரண்டு சொற்களும் இருந்தன. பரிசு என்பதே பட்டுத்துணி போர்த்திய கொடுக்கல் வாங்கல், அதில் பாக்கி வைப்பது கௌரவக் குறைவு என்று நீங்கள் பலமுறை சொல்லக் கேட்டிருப்பதால், அதை விளையாட்டாக எழுதினீர்கள் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இரண்டு சொற்களுக்குத்தான் இந்த நீண்ட பதில். உங்களைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. பிரான்ஸ் நாட்டு மானுடவியலாளர் மார்செல் மாஸ் 1925இல் வெளியிட்ட ஒரு நெடுங்கட்டுரையில், பரிசு பார்வைக்குத்தான் தன்விருப்பம், உண்மையில் கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பித் தருவது ஆகிய மூன்றுமே கடமைகள் என்று வாதிட்டார். அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதைக் குறிக்கக் 'குறியெதிர்ப்பை' என்று நம் மொழியிலேயே ஒரு பழஞ்சொல் இருக்கிறது. எனவே எதிர்பார்ப்பே இல்லாத பரிசைப் பற்றி உங்களிடம் வாதாட நான் வரவில்லை. எப்போது திருப்பித் தருவது என்ற கேள்வியை நீங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள் என்பதே என் எண்ணம்.

பப்புவா நியூ கினியின் கிழக்கே, டிரோப்ரியண்ட் தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த தீவுகளையும் 'குலா' என்னும் பரிமாற்றம் இணைத்திருந்ததை, முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு கடிகார முள் செல்லும் திசையிலும், வெண்சிப்பிக் கைவளைகள் அதற்கு எதிர்த்திசையிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபத்தான கடலைப் படகில் கடந்து சென்று பெற்றுவரும் அந்த மாலையை யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்ச காலம் வைத்திருந்து, பெருமை பேசிவிட்டு, அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மாலையைப் பெற்றவர் அதற்கு ஈடான வளையைத் தர வேண்டும்தான். ஆனால் அது பல மாதங்கள் கழித்தும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். நேரம் கடக்கிறதே என்று பேரம் பேசுவதோ நச்சரிப்பதோ இழிவு. பேரம் பேசுவதற்கு 'கிம்வாலி' என்று தனியே ஒரு வணிகம் அங்கு உண்டு. குலாவில் அவசரம் காட்டுபவரை 'இவர் கிம்வாலி செய்வதுபோல் குலா செய்கிறார்' என்று ஏசுவார்கள். கொடுக்கும் விதமும் பார்க்கத்தக்கது. சங்கு ஊதி, ஊரைக் கூட்டி, பிறகு அந்த அரும்பொருளை வேண்டாவெறுப்பாகத் தரையில் எறிந்து, 'என்னிடம் மிஞ்சியது இதுதான்' என்பதுபோல் ஒரு பாவனை செய்வார்கள். அந்த நாடகம் எனக்கு மிகவும் பிடிக்கும். இது விற்பனை இல்லை என்று இதைவிடத் தெளிவாக எப்படித்தான் சொல்வது?

தென் ஆப்பிரிக்கப் பகுதியில் உள்ள கலஹாரிப் பாலைநிலத்தின் ஜுஹோன்சி மக்களிடம் 'ஹ்க்சாரோ' என்னும் வழக்கத்தில் தீக்கோழி முட்டை ஓட்டில் கடைந்த மணிகளும் பிற சிறு பொருள்களும் கைமாறின. அங்கும் உடனே திருப்பித் தருவது வணிகத்தின் சாயலாகவே கருதப்பட்டது. மணி யார் கழுத்தில் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. தொலைவில் உள்ள இன்னொரு நீர்நிலைக்கு அருகே, தன் பகுதியில் உணவுத் தட்டுப்பாடு வரும் காலத்தில் போய்த் தங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதுதான் முக்கியம். அந்த மணிக்கு அன்றைக்கே ஈடு செய்துவிட்டால், வறட்சி வரும்போது எந்த உரிமையில் அவரிடம் போய் நிற்பது? ஜப்பானியர் இன்னும் நுட்பமாகச் செய்கிறார்கள். இறப்பு வீட்டில் உறையிலிட்டுக் கொடுத்த பணத்துக்கு, 49ஆம் நாள் சடங்குக்குப் பின் அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ மதிப்புள்ள பொருளைத் திருப்பி அனுப்புவது அங்கே வழக்கம். அதாவது நன்றியும் சொல்லியாயிற்று, கணக்கையும் வேண்டுமென்றே நேர் செய்யவில்லை.

உங்களைப் போலவே கணக்குப் பார்த்த ஓர் அரசும் உண்டு. கனடாவின் மேற்குக் கடற்கரையில் வாழும் பழங்குடியினர், பெயர் சூட்டல், திருமணம், தலைமைப் பதவி போன்ற நிகழ்வுகளில் திரண்ட செல்வத்தை விருந்தினருக்கு வாரி வழங்கும் 'பொட்லாச்' என்னும் விழாவை நடத்தினார்கள். பரிசு பெற்றவர்கள் அந்த நிகழ்வுக்குச் சாட்சிகள். எழுத்தில் ஆவணம் இல்லாத இடத்தில், இன்னாருக்கு இன்ன உரிமை என்பதை நினைவில் சுமக்கும் பொறுப்பு அவர்களுடையது. இதை வீண் செலவு என்று கருதிய அரசு 1885 முதல் 1951 வரை தடை செய்தது. 1921இல் நடந்த ஒரு விழாவுக்குப் பின் பலரைச் சிறைக்கு அனுப்பி, அவர்களது முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் கைப்பற்றியது. பிற்காலத்தில் திரும்பி வந்தவற்றுள் ஒரு பகுதிக்காக 1980இல் அலர்ட் பே ஊரில் திறக்கப்பட்ட நிலையத்துக்கு 'உமிஸ்டா' என்று பெயரிட்டார்கள். பகைவரிடம் சிறைப்பட்டவர் வீடு திரும்புவதைக் குறிக்கும் சொல் அது.

உங்கள் அச்சம் வெறும் பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். பொட்லாச்சிலேயே எதிராளியால் திருப்பித் தர இயலாத அளவுக்குக் கொடுத்து அவரைச் சிறுமைப்படுத்தியவர்கள் உண்டு. அமெரிக்க நடுவண் அரசு ஊழியர் ஒருவர், தம் அலுவலோடு தொடர்புடைய வெளியாரிடமிருந்து ஒரு முறைக்கு 20 டாலருக்கும், ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50 டாலருக்கும் மேல் பரிசு பெறக் கூடாது என்பது பொதுவிதி. இவ்வளவு சிறிய தொகைக்கும் வரம்பு போட்டிருக்கிறார்கள் என்றால், பரிசு மனிதரை எப்படிக் கட்டும் என்பது தெரிந்துதான். கடன்பட்டவராக ஒருவர் முன் நிற்பது எல்லோருக்கும் எளிதன்று, உங்களுக்கு அது சற்றுக் கூடுதலாகவே கடினம் என்பதை நான் அறிவேன். ஆனால் கட்டுப்படுத்துவதற்காகக் கொடுப்பவரிடம் காட்ட வேண்டிய எச்சரிக்கையை முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள என்னிடமும் காட்டிவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் அனுப்பிய பேனாவால்தான் இந்தக் கடிதத்தை முதலில் தாளில் எழுதினேன். நன்றாக எழுதுகிறது, நிப்பு மட்டும் சற்று அதிகமாக மை குடிக்கிறது. என்னிடம் இருந்த மை தீரும் நிலையில் இருப்பதால், அடுத்த முறை வரும்போது நீல மை ஒரு புட்டி வாங்கி வாருங்கள். அதற்கு நான் உடனே எதுவும் தரப்போவதில்லை.

அன்புடன்,
உங்கள் நண்பன்