போகி நெருப்பைப் பின்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்

பெங்களூரு துரஹள்ளிக் காட்டோர அபார்ட்மென்ட்களின் பொங்கல் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். கோலப் போட்டிக்கு நடுவர் யார், கரும்பை மடிவாளாவில் வாங்குவதா கே.ஆர். மார்க்கெட்டில் வாங்குவதா என்று நீங்கள் மும்முரமாக இருக்கும் நேரம் இது. நடுவில் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு போகிக்குப் பின்சுவர் ஓரமாக எதையும் கொளுத்த வேண்டாம்.

ஒரு கிழிந்த பாயும் இரண்டு முறமும் எரிந்தால் காடா பற்றிக்கொள்ளும் என்பீர்கள். நியாயம்தான். ஜனவரி விடியலில் பனி இறங்கியிருக்கும், புல் நனைந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. என் கவலை அந்தக் குழியைப் பற்றியது. போகிக்கு வெட்டிய குழியில்தான் அப்புறம் மார்ச் வரை தைல மரச் சருகு எரிகிறது. தோட்டக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, இடத்தைக் காட்டிக்கொடுத்ததே நாம்தான்.

போன மார்ச்சில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. பகல் இரண்டு மணி, எல்லோரும் ஆபீஸில். சுவருக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. எதிலிருந்து பற்றியது என்று யாரும் பார்க்கவில்லை. முழங்கால் உயரத் தீதான், சுவரைத் தாண்டவில்லை. ஆனால் கங்கு தாண்டியது. காற்றில் ஏறி எங்கள் மொட்டை மாடிப் பச்சை வலையில் விழுந்து, வலை பொத்தல் பொத்தலாக உருகி, கீழே இருந்த தென்னை நார்த்தூள் மூட்டையில் சொட்டியது. மூட்டையில் தீயே இல்லை, லேசான புகை மட்டும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு இறங்கிவந்தேன். சாயங்காலம் மேலே போனால் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கத்தியால் கிழித்துப் பார்த்தேன். உள்ளே, ஒரு கைப்பிடி அளவுக்கு, செக்கச் சிவந்த கனல். மேலாக ஊற்றிய தண்ணீர் அங்கே எட்டவே இல்லை. அந்த மூட்டை என்னுடையது, வலையும் என்னுடையது.

தீயணைப்பு வண்டி பின் கேட்டுக்கு வந்தபோது பூட்டு தொங்கியது. சாவி வைத்திருந்தவர் குடும்பத்தோடு திருப்பதியில். முன்பக்கமாகச் சுற்றி வந்தால் இரண்டு ஓரமும் கார். அதற்குள் செக்யூரிட்டிகளும் துப்புரவு வேலை செய்யும் அம்மாக்களும் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தே அணைத்துவிட்டார்கள். யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை. அந்தச் சாவி இனிமேல் செக்யூரிட்டி அறையில் தொங்கட்டும்.

காட்டுத்தீ என்றதும் நமக்குக் குரங்கணிதான் நினைவுக்கு வரும். 2018 மார்ச்சில் மலையேறப் போன பிள்ளைகள், சரிவில் காய்ந்த புல்லில் ஓடிய தீயை முந்த முடியாமல் மாண்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கும் மேல் எரிந்தது. ஆனால் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவைத்தான் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் இறந்தார்கள். படங்களில் வீடு சாம்பலாகக் கிடக்கும், பக்கத்து மரம் பச்சையாக நிற்கும். பல வீடுகளை எரித்தது நேரே வந்த தீ அல்ல, காற்றில் பறந்த கங்கு. கூரையோரத் தகரத்தில் தேங்கிய சருகிலும் சுவரோரச் செடியிலும் விழுந்து பற்றி, அப்புறம் வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவியது. வீட்டைச் சுற்றி முதல் ஐந்து அடிக்குள் எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள் என்று அங்கே சொல்கிறார்கள். அங்கே மர வீடு, இங்கே கான்கிரீட்; அந்த வித்தியாசம் பெரிது. ஆனாலும் நம் பின்பக்க பால்கனிகளை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்: அட்டைப்பெட்டி, பழைய மெத்தை, மூங்கில் தட்டி.

ஆகவே போகியன்று கொளுத்துவதற்குப் பதில் மாடியையும் பால்கனியையும் காலி செய்வோம். சாமான்கள் உலர்குப்பை வண்டிக்குப் போகட்டும். குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. அந்தக் காசில் எத்தனை கட்டுக் கரும்பு வாங்கலாம்! சுவருக்கு இந்தப் பக்கத்துப் புல்லை அடியோடு அறுத்து, எஸ்டிபியில் சுத்திகரித்த கழிவுநீரை மே வரை அங்கே திருப்பிவிட்டால் போதும், டேங்கர் தண்ணீரைத் தொட வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் வனத்துறையின் காடு. அங்கே அரிவாளோடு போக நமக்கு உரிமை இல்லை, அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களின் பட்டியல் ஒன்றும் வேண்டும். தீ என்றால் லிஃப்ட் கூடாது. நான்காம் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் மாமியை யார் இறக்குவது என்று முன்னாலேயே பேசி வைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் என்95 முகக்கவசம் இருக்கட்டும், ஈரத்துணி நுண்புகையைத் தடுக்காது.

இதையெல்லாம் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அன்றைக்குத் தீயை அடித்து அணைத்தவர்கள் ராய்ச்சூர்க்காரர்களும் அசாம்காரர்களும். 112 என்ற அவசர உதவி எண்ணைக் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதி அவர்கள் அறையில் ஒட்ட வேண்டும். அடுத்த முறை அவர்கள் கையில் வேப்பங்கிளைக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய் இருக்க வேண்டும், அதைத் திறக்கவும் யாராவது கற்றுத்தர வேண்டும்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பின்சுவர் ஓரம் நான் இருப்பேன். கையுறை நான்கு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். நல்ல அரிவாள் யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
மாடித் தோட்டக்காரி