உட்கார விடுங்கள்: ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி வேலைகள் தலைக்கு மேல் கிடக்கும். இருந்தாலும் கொஞ்சம் படியுங்கள்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலை பார்க்கும் எல்லாருக்கும் உட்கார இருக்கை வேண்டும் என்பது அதன் சாரம். பல கடைகளில் ஸ்டூலும் வந்துவிட்டது, மறுக்கவில்லை. போன மாதம் ஒரு பெரிய கடையின் சேலைப் பிரிவில் அப்படியொரு ஸ்டூலைப் பார்த்தேன். அதன் மேல் பிளவுஸ் பிட் கட்டுகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு பெண், ஒரு பாதத்தால் மறுகாலின் கெண்டைச்சதையைத் தேய்த்தபடி, நான் வேண்டாமென்று ஒதுக்கிய சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். வேறு வாடிக்கையாளர் யாருமில்லை. "உட்காரும்மா" என்றேன். பதில் சொல்லாமல் கண்ணை மட்டும் மேலே காட்டினார். கேமரா.

வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது சட்டம். வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்று யார் முடிவு செய்வது? சூப்பர்வைசர்தானே!

காசு இதற்குக் காரணமில்லை. வாசலுக்கு வெளியே வீணாகும் ஏசிக் காற்றின் செலவில் எத்தனையோ ஸ்டூல் வாங்கலாம். சம்பளம் வாங்குகிறவர் நம் எதிரே உட்காரலாமா என்ற பழைய நினைப்புதான் காரணம். பண்ணையார் திண்ணையில் இருக்க, கூலிக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்ற ஊர்தானே நம்முடையது. தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் தோள்சீலை போடுவதற்கே பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859இல் மன்னர் இறங்கிவந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டது. உரிமையைக் கொடுத்துவிட்டுக் கூடவே ஓர் 'ஆனால்' போடுவது நமக்குக் கைவந்த கலை.

பழைய பட்டுக்கடைகளில் வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டுத்தான் சேலை விரித்துக் காட்டினார்கள். வாங்குபவரும் எதிரே உட்கார்ந்தார். விற்றவர்கள் ஆண்கள். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. கண்ணாடி கவுன்ட்டரும் குறைந்த சம்பளத்துக்குப் பெண்களும் வந்த பிறகே நிற்பது 'ஒழுங்கு' ஆயிற்று என்பது என் கணிப்பு.

மூன்று விற்பனைப் பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று 1899லேயே பிரிட்டனில் சட்டம் வந்தது. கேரளத்தில் 2018இல் வந்தது, அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள், தையல் தொழிலாளியான விஜியோடு சேர்ந்து, கழிப்பறை கேட்டுத் தொடங்கி, உட்காரும் உரிமையையும் கேட்ட போராட்டத்தின் பலன் அது. போகக் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்தவர்கள் அவர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. சூப்பர்வைசர்களுக்கு எழுத்தில் கொடுங்கள்: ஆளில்லாத நேரத்தில் உட்கார்ந்தால் திட்டோ சம்பளப் பிடித்தமோ கிடையாது. ஸ்டூல் மேல் சரக்கு அடுக்கக் கூடாது. சேலையை உட்கார்ந்தே மடிக்கலாம். பாத்ரூம் போக யாரிடமும் கையைக் கட்டி நிற்க வேண்டாம். 'கஸ்டமர் கோபித்துக்கொள்வார்' என்று மட்டும் எங்கள் தலையில் கட்டாதீர்கள். அப்படி யாராவது முகம் சுளித்தால், பக்கத்தில் சேலை பார்க்கும் நாங்களே பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் சேலை எடுப்பவள்